மரகதம் பஸ் நிற்காத பிரிவு

3 ஜூன் 2025, செவ்வாய்

துணி வெட்ட உட்கார்ந்தால் கட்டிங் மேசை முழுக்கப் பழைய பஸ் டிக்கெட். இவர் பரப்பி வைத்திருக்கிறார். பச்சை, ரோஸ், மஞ்சள் என்று நுனி மக்கிப்போன துண்டுத் தாள்கள். எவனோ எச்சில் தொட்டுக் கிழித்துக் கொடுத்தது, எவனுடைய சட்டைப் பையிலோ வியர்வையில் ஊறிக் கிடந்தது. அதன்மேல் நான் அடுத்த வீட்டுக் கல்யாணப் பட்டுத்துணியை விரிக்க வேண்டுமாம்.

"எடுங்க இதை" என்றேன்.

"செத்த நேரம் இரு கனகா, போட்டோ எடுத்துட்டு எடுத்துர்றேன்."

மத்தியானம் வரை எடுக்கவில்லை. முறத்தில் அள்ளி அவர் கட்டிலில் கொட்டிவிட்டு மேசையை ஈரத்துணியால் துடைத்தேன். வாடை போகவில்லை.

ரிட்டையர் ஆனபின் மனிதருக்கு இதுதான் வேலை. இவரும் ஞானதாஸ் வாத்தியாரும் சேர்ந்து பழைய பஸ்களைப் பற்றி யூடியூபில் ஒரு சேனல் நடத்துகிறார்கள். அந்தக் காலம், அந்தக் காலம் என்று ஒரே புலம்பல். டவுனுக்குள்ளேயே பிறந்து, சைக்கிளிலேயே ஆபீஸ் போய் வந்த மனுசன். கூட்டத்தில் நசுங்கி ஒரு நாள் பஸ்ஸில் போயிருப்பாரா?

8 ஜூன், ஞாயிறு

வாசலில் வரும்போதே சிரிப்பு. "உங்க ஊரு ரூட்டு கண்டக்டர் கெடைச்சுட்டார் கனகா! மரகதம் பஸ் பொன்னழகு. நல்லா பேசுறார், என்னா ஞாபகம்ங்கிற!"

அடுப்பில் பருப்பு இருக்கிறது என்று உள்ளே வந்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. குழாயைத் திறந்து கை கழுவினேன். எதற்குக் கழுவினேன் என்று தெரியவில்லை. மறுபடியும் கழுவினேன்.

9 ஜூன்

ஒரு கொக்கிகூட ஒழுங்காக வரவில்லை. தைத்ததையெல்லாம் பிரித்தேன்.

12 ஜூன், வியாழன்

எழுதிவிடுகிறேன். யாரிடமும் சொல்லாததை இங்கேயாவது.

பிளஸ் டூ முடித்ததும் அப்பா என்னை டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்த்தார். மேற்கு ரத வீதியில் மாடி. ஊருக்குப் பாதை பிரிகிற சின்னாம்பட்டி பிரிவில் ஏறினால் எரியோடு வழியாகத் திண்டுக்கல். காலையில் எங்கள் பக்கம் வருகிற ஒரே பஸ் மரகதம். மேலே கத்தரிக்காய் மூட்டை, ஆடு, பூக்கூடை. உள்ளே நிற்கிற இடத்தில் கால் வைக்க முடியாது.

பொன்னழகுக்கு அப்போது முப்பது இருக்கும். கக்கத்தில் தோல் பை, வாயில் விசில், இடது கையில் ரப்பர் பேண்ட் போட்ட டிக்கெட் கட்டு. நாக்கை நீட்டி விரலை நனைத்துக் கிழிப்பான். ஆம்பளைகளுக்குக் கையில் கொடுப்பான். பொம்பளைப் பிள்ளைகளுக்கு —

கூட்டத்தில் விழாமல் இருக்க ரெண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருப்போம். "கை ரெண்டும் கம்பியில இருக்கு. டிக்கெட்டை எங்க வைக்கட்டும்?" என்று சத்தமாகக் கேட்பான். பஸ்ஸே சிரிக்கும். அந்த எச்சில் டிக்கெட்டை ரவிக்கைக் கைக்குள் சொருகுவான். சொருகிய விரல் உடனே வெளியே வராது. மீதிச் சில்லறையை இறங்கும்போது வாங்கிக்கோ என்பான். இறங்கும்போது படியில் குறுக்கே நிற்பான். அவனை உரசாமல் யாரும் இறங்க முடியாது.

அம்மாவிடம் சொன்னேன். "பஸ்ஸுன்னா நாலும் இருக்கும். ஊக்கு வச்சுக்க. அப்பா காதுல போட்டுறாத, படிப்பை நிறுத்திப்புடுவாரு."

ஊக்கு வைத்துக்கொண்டேன். ஒருநாள் குத்தினேன். நல்லா, ஆழமா. அவன் கத்தவில்லை. என்னைப் பார்த்தான், அவ்வளவுதான்.

மறுநாள் பஸ் பிரிவில் நிற்கவில்லை. கை காட்டினேன். படியில் தொங்கிக்கொண்டு என்னைப் பார்த்தபடியே, போகச் சொல்கிற ரெட்டை விசிலை அடித்துக்கொண்டே போனான். அதற்கு மறுநாளும் அப்படியே. அந்த வாரம் முழுக்க, அடுத்த வாரமும். புழுதி அடங்கும் வரை நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்புவேன். டிரைவருக்கு விசில்தான் கணக்கு. இவன் நிறுத்தச் சொல்லி ஒற்றை விசில் அடிக்காமல் அவர் பிரேக்கில் கால் வைக்க மாட்டார்.

"எனக்கு டைப்பு வரலப்பா, விரல் வலிக்குது" என்று அப்பாவிடம் சொன்னேன். "சரி, வீட்ல இரு" என்றார். அப்புறம்தான் தையல்.

தையல் சோறு போட்டது. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அது நான் கேட்டு வந்த வேலையா?

15 ஜூன், ஞாயிறு

வந்தான். என் வீட்டுக் கூடத்தில், என் நாற்காலியில் உட்கார்ந்தான். முடி வெளுத்து, நெற்றி நிறைய விபூதி. எழுபது தாண்டியிருக்கும். நாக்கு மட்டும் மாறவில்லை. இவர் நீட்டிய டிக்கெட் கட்டைக் கையில் வாங்கியதும் முதல் வேலையாக விரலை நனைத்தான்.

டீ கொண்டுபோய் வைத்தேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு, "நல்லா இருக்கியாம்மா" என்றான். அடையாளம் தெரியவில்லை. தெரிந்திருந்தால் தேவலை என்று ஒரு நிமிடம் தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது?

திரைச்சீலைக்குப் பின்னால் நின்று கேட்டேன். எந்த ஸ்டேஜுக்கு எந்த நிற டிக்கெட், எந்த ஊரில் எந்த மூட்டை ஏறும் என்று சரளமாகச் சொன்னான். இவரும் ஞானதாஸ் வாத்தியாரும் ஆகா, ஆகா. பிறகு அந்த ரவிக்கைக் கை கதை. அதையும் தமாஷாகத்தான் சொன்னான். கடைசியில்:

"சின்னாம்பட்டி பிரிவுல ஒரு புள்ள. ஊக்க வச்சுக் குத்திப்புடுச்சு அப்பு! நானா விடுவேன்? ஒரு வாரம் அந்தப் பிரிவுல பஸ்ஸே நிக்கல. அதுக்கப்புறம் அந்தப் புள்ளையக் காணோம்."

மூன்று பேரும் சிரித்தார்கள். இவர் சிரிப்புதான் பெரிய சிரிப்பு. முப்பது வருசமாகக் கேட்ட சிரிப்பு. இத்தனை அருவருப்பாக அது என் காதில் விழுந்ததே இல்லை.

அவன் குடித்த டம்ளரைக் குப்பைத்தொட்டியில் போட்டேன். எவர்சில்வர். போகட்டும்.

19 ஜூன், வியாழன்

வீடியோ போட்டாயிற்று. ஊக்கு கதை வருகிற இடத்தில் கைதட்டல் சத்தம் சேர்த்திருக்கிறார்கள். துணி கொடுக்க வந்த பெண் சொல்கிறாள்: "சார் வீடியோ சூப்பர்க்கா, எங்க வீட்டுக்காரரு விழுந்து விழுந்து சிரிச்சாரு."

22 ஜூன், ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

சாப்பிட்டு முடித்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தச் சின்னாம்பட்டிப் பிள்ளை நாந்தான்" என்றேன்.

"எந்தப் பிள்ளை?"

"ஊக்கு குத்துன பிள்ளை."

போனைக் கீழே வைத்தார். முகம் ஒரு மாதிரி ஆயிற்று. எனக்குள் ஒரு நம்பிக்கை வந்தது — வந்திருக்கக் கூடாது. "ஏன் இம்புட்டு வருசமா சொல்லல?" என்று கேட்டார்.

"சொன்னா என்ன பண்ணிருப்பீங்க?"

எழுந்துபோய் வாய் கொப்பளித்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

24 ஜூன்

"அந்த ஒரு இடத்தை மட்டும் வேணா வெட்டிரவா?" என்று காலையில் கேட்டார். சரி என்றேன். சாயங்காலம் வந்து தலையைச் சொறிகிறார். "ஞானதாஸ் வேணாங்கிறார். எல்லாரும் அதுக்குத்தான் பாக்குறாங்களாம். ஊர்ப் பேருதானே இருக்கு, உன் பேரு இல்லையே? அந்தாளுக்கும் வயசாயிருச்சு கனகா. அப்ப எல்லா பஸ்லயும் அப்படித்தானே இருந்துச்சு?"

இவருக்கு எப்படித் தெரியும், எல்லா பஸ்ஸிலும் எப்படி இருந்ததென்று?

பொன்னழகு மீது வந்த குமட்டல் பழையது, பழகிப்போனது. இது புதுசு. இந்த ஆளோடுதான் நான் இத்தனை வருசம் ஒரே தட்டில் சாப்பிட்டேன்.

அவர் படுக்கையை எடுத்துக் கூடத்தில் போட்டேன். அவர் போய்ப் படுத்துக்கொண்டார்.

29 ஜூன், ஞாயிறு

வீடியோவுக்குக் கீழே என் பேரிலேயே எழுதினேன். "நான் அந்த பஸ்ஸில் போனவள். இது தமாஷ் இல்லை. — கனகா, சின்னாம்பட்டி." இம்புட்டுத்தான். எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது போல் இருந்தது.

30 ஜூன்

ஒருவன்: "ஆன்ட்டிக்கு இப்பதான் ஞாபகம் வந்துச்சா?" இன்னொருவன் சிரிக்கிற பொம்மை வரிசையாகப் போட்டிருக்கிறான். என் மகள் வயசு இருக்குமா இவனுக்கு? யாரோ ஒருத்தி பெற்று வளர்த்திருக்கிறாள்.

2 ஜூலை, புதன்

நான் எழுதியதைக் காணோம். தேடித் தேடிப் பார்த்தேன். இவரிடம் கேட்டதற்கு, "உன்னைத்தான் கண்டபடி பேசுறாங்க, உன் நல்லதுக்குத்தான் எடுத்தேன்" என்கிறார். என்னைப் பேசியவர்கள் எழுதியது அப்படியே இருக்கிறது. நான் எழுதியதை மட்டும் எடுத்திருக்கிறார்.

த்தூ.

சாயங்காலம் தெரியாத நம்பரிலிருந்து போன். "ஏனுங்க, கனகாங்களா? சின்னாம்பட்டி கனகா?" ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பேச்சு. யாரென்று கேட்டால், "நாந்தான் புள்ள, சூர்யகலா! எரியோட்டுல ஏறுவேனே. டைப்புல உனக்குப் பக்கத்து மிஷினு."

அவள் என் எழுத்தை அது போவதற்கு முன்னாலேயே பார்த்துவிட்டு, எங்கள் ஊரில் விசாரித்து நம்பரை வாங்கியிருக்கிறாள். ஒட்டன்சத்திரத்தில் வாக்கப்பட்டு, காய்கறி மண்டிக் கணக்கைப் பார்த்துக்கொண்டு, பேரன் எடுத்துவிட்டாளாம். நலம் விசாரித்தாள்.

"நீ திடீர்னு வராம போயிட்ட. உனக்குக் கல்யாணம் ஆயிருச்சுன்னு நெனச்சேன்" என்றாள்.

"பஸ் நிக்கல."

"அது எனக்குத் தெரியாது புள்ள. நீ வராததுக்கப்பறம் அந்த நாயி முழுசா எம்பக்கம் திரும்பிருச்சு."

இதை நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

9 ஜூலை

பாராட்டு விழாவாம். இருபதாம் தேதி. ஆடி பிறந்துவிட்டால் மண்டபம் சும்மாதானே கிடக்கும், பாதி வாடகைக்குப் பேசிவிட்டார்கள். பழைய டிரைவர், கண்டக்டர்களுக்குப் பொன்னாடை. முதல் பேர் அவன் பேர்.

"எல்லாருக்கும் சொல்லியாச்சு கனகா. இப்ப எப்படி நிறுத்துறது? நீ வர வேணாம். வீட்ல இரு."

வீட்டில் இரு. இதே வார்த்தையை முன்னாலும் ஒருவர் சொன்னார். அவராவது விஷயம் தெரியாமல் சொன்னார்.

18 ஜூலை, வெள்ளி

மகள் கீர்த்தனா கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கிறாள். லீவு போட்டுவிட்டு, விழாவைத் தொகுத்துப் பேச. அப்பா கேட்டாராம். "ஏம்மா நீ மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்றாள். சொல்ல வாயைத் திறந்தேன். பெற்ற பிள்ளையிடம் இதை எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது? "புதுப் பிளவுஸைப் போட்டுப் பாரு" என்றேன்.

20 ஜூலை, ஞாயிறு

போனேன். சூர்யகலா ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்து, "வா புள்ள, நாம பாக்காத மூஞ்சியா?" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். கடைசிக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்தோம். எங்களைப் பார்த்ததும் இவருக்கு வியர்த்தது. மேடைக்குக் கீழே நின்று போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

பொன்னாடை போர்த்தினார்கள். அவன் மைக்கைப் பிடித்து விசில் ஊதினான். மண்டபமே கைதட்டியது. பழைய கதைகள். பிறகு, "சொன்னா புரியாது, செஞ்சே காட்டுறேன். ஏம்மா, செத்த இங்கிட்டு வா" என்று கீர்த்தனாவைக் கூப்பிட்டான். மைக் ஸ்டாண்டின் கம்பியை ரெண்டு கையாலும் பிடித்துக்கொள்ளச் சொன்னான். அவள் ஏதோ விளையாட்டு என்று சிரித்துக்கொண்டே பிடித்தாள்.

எனக்குக் கால் வரவில்லை. எழுந்திரு, எழுந்திரு என்கிறேன், உடம்பு கேட்கவில்லை. பதினேழு வயசில் அந்தக் கூட்டத்தில் நின்ற உடம்பு.

இவருடைய டிக்கெட் கட்டுதான். நாக்கை நீட்டி விரலை நனைத்தான். கிழித்தான்.

"கை ரெண்டும் கம்பியில இருக்கு. டிக்கெட்டை எங்க வைக்கட்டும்?"

சிரிப்பு. முன்வரிசையிலிருந்து பின்வரிசை வரை, எல்லாரும். கீர்த்தனா சிரித்த முகத்தோடேயே தோளைப் பின்னுக்கு இழுத்தாள். மரியாதைக்காகச் சிரித்துக்கொண்டே இழுத்தாள். அந்த இழுப்பு எனக்குத் தெரியும். அவன் விரல் ரவிக்கைக் கை விளிம்பைத் தொட்டது.

போன் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. இவர் மேடையில் ஏறியிருந்தார். அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

"வேணாம்."

"என்னப்பு, தமாசுக்குத்தானே."

"வேணாங்கிறேன்ல!"

மண்டபம் அப்படியே நின்றுவிட்டது. அப்போதுதான் என் கால் எனக்கு வந்தது. மைக் இல்லை. வேண்டியிருக்கவும் இல்லை.

"எங்களுக்கும் தமாசுன்னுதான் சொன்ன. ஊக்கு குத்துன சின்னாம்பட்டிப் புள்ள நாந்தான். ஒரு வாரம் இல்ல. நான் படிப்பை விட்டு வீட்ல உக்கார்ற வரைக்கும் நீ பஸ்ஸை நிறுத்தல."

சூர்யகலா பக்கத்தில் எழுந்தாள். "எரியோட்டுல ஏறுனவ நானு. என்னையத் தெரியுதா?"

அந்தப் பக்கம், சுவரோரம் இன்னொரு பெண் எழுந்தாள். யாரென்று எங்களுக்குத் தெரியாது. சும்மா நின்றாள்.

அவன் எங்களைப் பார்த்தான். பயம் இல்லை, வெட்கம் இல்லை. "யாருன்னு தெரியலையேம்மா. அப்ப ஆயிரம் பேரு ஏறுவாங்க, எறங்குவாங்க" என்றான். அதை நடிப்பென்று சொல்ல மாட்டேன். நிஜமாகவே தெரியவில்லை. எனக்கு ஆயுசு முழுக்க இருந்தது அவனிடம் ஒரு சிரிப்புக் கதையாக இருந்தது, அந்தக் கதையில் எனக்கு முகமே இல்லை.

ஞானதாஸ் வாத்தியார் ஓடிப்போய் நாதஸ்வரப் பாட்டைப் போட்டுவிட்டார். கெட்டிமேளம். சகிக்கவில்லை. பின்பக்கம் போய் வாந்தி எடுத்தேன். சூர்யகலா முதுகைத் தடவினாள்.

21 ஜூலை, திங்கள்

கீர்த்தனா ஊருக்குக் கிளம்பும்போது கேட்டாள்: "அவன் யாருன்னு தெரிஞ்சும் என்னை ஏம்மா மேடை ஏற விட்ட?" கேட்டுவிட்டு அவளே கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஆனாலும் கேட்டது கேட்டதுதான்.

இவர் அழுகிறார். "எனக்குப் புரிஞ்சிருச்சு கனகா. அவன் கை அவ மேல பட்டப்பதான் —" என்று ஆரம்பித்தார்.

"அதான் எனக்குக் கசக்குது" என்றேன்.

விழித்தார். புரியவில்லை போலிருக்கிறது. மகளின் ரவிக்கைக் கை என்றதும் ஓடி ஏறிய மனுசன், பெண்டாட்டி வாயைத் திறந்து சொன்னபோது வாய் கொப்பளித்துவிட்டுப் படுத்தார். ஒரே விரல்தானே? ஒரே எச்சில்தானே? அவர் அவன் கையைப் பிடித்ததற்கு ஊரே பாராட்டுகிறது. மேல் வீட்டுக்காரம்மா, "உங்க வீட்டுக்காரரு சிங்கம்" என்றாள். மறுத்துச் சொன்னால் நன்றி கெட்டவள் என்பார்கள்.

25 ஜூலை

வீடியோவை எடுத்துவிட்டார். ஞானதாஸ் வாத்தியாரோடு வாசலில் சத்தம். "உங்க குடும்ப விசயத்துக்காக ஒரு பெரிய மனுசனை அசிங்கப்படுத்திட்டீங்க" என்று அவர் கத்தினார். "அவ சொன்னது நெசம். இனிமே இங்க வராதீங்க சார்" என்று இவர் சொன்னது எனக்குக் கேட்டது. மிஷினை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

3 ஆகஸ்ட்

பேசப் பிடிக்கவில்லை. சமைத்து வைத்துவிடுகிறேன், அவரே போட்டுச் சாப்பிடுகிறார்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

கீர்த்தனா போனில்: "அப்பாவை மன்னிச்சிட்டியாம்மா?"

"ஆவணி முகூர்த்தம் வருது. துணி மலையாக் கெடக்கு" என்றேன்.

"நான் கேட்டது அது இல்ல."

"தெரியும்."

21 ஆகஸ்ட், வியாழன்

மத்தியானம் ஒரு பெண் வந்தாள். ஐம்பதுக்கு மேல் இருக்கும். குஜிலியம்பாறையிலிருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். கையில் துணிப்பை. பிளவுஸ் தைக்க வந்தவள் என்று டேப்பை எடுத்தேன். கையைத் தூக்கச் சொன்னால் தூக்காமல் நிற்கிறாள். பையைத் திறக்கவும் இல்லை.

"அன்னைக்கு மண்டபத்துல பேசுனது நீங்கதானாக்கா?"

"ஆமா."

"எனக்குத் துணியெல்லாம் ஒண்ணும் தைக்க வேணாம்க்கா. சும்மா செத்த நேரம் உக்காந்துட்டுப் போகலாமா?"

நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தாள். முந்தானை நுனியைச் சுருட்டுகிறாள், பிரிக்கிறாள். இப்படி வருகிறவர்களில் இவள் முதல் ஆள் இல்லை. போன வாரம் ஒருத்தி வந்தாள், அதற்கு முன்னால் தாடிக்கொம்பிலிருந்து அக்கா தங்கை ரெண்டு பேர். மரகதம் பஸ் மட்டும் இல்லை, வேற வேற பஸ், வேற வேற ஊர். யாரும் அளவு கொடுக்க வரவில்லை.

இவர் அடுப்படியிலிருந்து டீ கொண்டுவந்தார். ரெண்டு டம்ளரை மேசை ஓரத்தில் வைத்தார். அவளைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய், கதவை மெதுவாக இழுத்துச் சாத்தினார். நான் சொல்லவில்லை. அவராகத்தான்.

மிஷின் சுவிட்சை அணைத்தேன்.

"சொல்லுங்க" என்றேன்.